நேத்து நைட் கவுன்சில் மீட்டிங்ல

நேத்து நைட் எங்க லண்டன் பரோ கவுன்சில்ல ஹவுசிங், பிளானிங் பாலிசிய ஆய்வு பண்ற ஸ்குரூட்டினி பேனல் மீட்டிங்ல போய் உக்காந்துட்டு வந்தேன். யார் வேணா போலாம், அஜெண்டா கூட 5 வேலை நாள் முன்னாடியே வந்துடும், நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியவே இல்ல.

2000ல வந்த உள்ளாட்சி சட்டத்துக்கு அப்புறம் வந்த ஏற்பாடு இது. கேபினட்ல, அதாவது கவுன்சில்ல முடிவெடுக்கற குழுவுல, இருக்கிற கவுன்சிலர் இந்த பேனல்ல இருக்க முடியாது. முடிவெடுத்தவங்களையும் ஆபீசருங்களையும் கூப்பிட்டு வச்சு ஏன் எதுக்குன்னு கேக்கறாங்க, அமலாகறதுக்கு முன்னாடி 'கால் இன்' பண்ணி மறுபடி யோசிங்கன்னு திருப்பியும் அனுப்பலாம், ஆனா ரத்து பண்ண முடியாது, பரிந்துரை மட்டும்தான், அதுக்கு கேபினட் 2 மாசத்துக்குள்ள பதில் சொல்லியாகணும்.

பில்டருங்க செக்‌ஷன் 106 ஒப்பந்தத்துல (கட்ட அனுமதி வாங்கறப்ப கவுன்சிலோட போடறது) கட்டுப்படியாகற வீடு இத்தனைன்னு ஒத்துக்கிட்டு, அப்புறம் லாபம் வரலன்னு கணக்கு காட்டி குறைக்கச் சொல்றாங்களே, அந்த கணக்க யாரு சரிபாக்கறதுன்னு ஒரு பெண் கவுன்சிலர் விடாம கேட்டாங்க பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நாங்க 7 வருஷமா கவுன்சில் வீட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கோம், ஒரே ரூம்ல நாலு பேர்.

அடுத்த மீட்டிங்ல லோக்கல் பிளான், அதாவது பரோல எங்க என்ன கட்டலாம்னு சொல்ற திட்டம், வருது. நான் போறேன், கூட யாராச்சும் வரீங்களா?