உள்ளே ஒரு நெருப்பு, வெளியே ஒரு நெருப்பு: திருவதிகை தரிசனம்

அப்பாவின் வயிற்று வலி தீர்ந்தால் அவரைத் திருவதிகைச் சிவன் கோயிலுக்கு அழைத்து வந்து, சந்நிதியில் ஓதுவாரைக் கொண்டு, அப்பர் தம் வயிற்று வலி தீரப் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகத்தின் பத்துப் பாட்டையும் பாட வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். கணையத்தில் அழற்சி என்றார்கள் மருத்துவர்கள். அப்பா வாய்விட்டுக் கத்துகிற மனிதர் இல்லை. அவரே ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே எரியுதும்மா, தாங்க முடியல" என்று அழுதார். உள்ளே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா அந்தப் பதிகத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நடந்தார். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று சித்திரையில் வந்த ஒரு ஞாயிற்றுப் பிரதோஷத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

பண்ருட்டியில் இறங்கினால் பலாப்பழ வாசனை. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்த வெயில்! நடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கியதுமே ஒருவர் தட்டோடு வந்துவிட்டார். அப்பா வயிற்றைப் பிடித்தபடி இறங்கியதைப் பார்த்திருப்பார் போல. "வயித்து நோய்க்குத் தனிப் பரிகாரம் இருக்கு, தட்டு வாங்கினா நேரா கர்ப்பக்கிரகத்துக்கிட்டயே உட்கார வைக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அப்பாவின் கையிலேயே தட்டைத் திணிக்கப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காசே வாங்காமல் ஒரு பிடி திருநீற்றால் தம்பி அப்பரின் சூலையை, அந்தக் கொடிய வயிற்று வலியைத் தீர்த்த திலகவதியார் இருந்த ஊர் இது. இங்கே வந்தா நோயாளியின் பயத்தை விலை பேசுவது? அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாங்க பாட்டோட வந்திருக்கோம்பா" என்று மட்டும் சொன்னார். அவர் நகர்ந்துவிட்டார்.

பிராகாரக் கல் பாதத்தைச் சுட்டது. அப்பாவால் வேகமாக நடக்க முடியாது. நிழல் விழும் ஓரமாகவே பார்த்துப் பார்த்து நடத்திக் கூட்டிப் போனோம். நெருப்பின் ஊர்தானே இது! பெருமான் வீரம் காட்டிய எட்டு வீரட்டங்களில், அசுரர்களின் மூன்று கோட்டையான முப்புரத்தை எரித்த தலம். பூமி தேராக, மேரு வில்லாக, வாசுகி நாணாக, திருமால் அம்பாக, அக்கினி அந்த அம்பின் முனையாக எல்லாம் தயாராக நிற்க, எதையும் தொடாமல் பெருமான் சிரித்தார், மூன்று கோட்டையும் எரிந்து போனது என்று கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். முப்புரமாவது மும்மல காரியம், அதாவது ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்குதான் என்று திருமூலர் சொல்லிவிட்டார், அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது எரிந்த கோட்டை இல்லை, எரியாமல் நின்ற மூன்று பேர். ஊரே வழிமாறிய போதும் சிவபூஜையை விடாத மூவர். சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடுகிறாரே, அந்த மூவரில் இருவர் கோயில் வாசலுக்குக் காவலர் ஆனார்கள், ஒருவர் ஆடும்போது முழவு முழக்கும் பேறு பெற்றார் என்று. அவ்வளவு பெரிய தீயும் அவர்களைத் தொடவில்லை.

நடை திறந்ததும் கூட்டம் முழுக்க நந்தியிடம் போய்விட்டது. அபிஷேகம் பார்க்க முண்டியடிப்பு, தலைக்கு மேல் தூக்கிய செல்போன்கள், "உட்காருங்க, மறைக்குது" என்ற சத்தம். வயதானவர்களுக்குக்கூட வழி விடாத அந்த அவசரம் மனதை நோகடித்தது. ஆனால் அதனாலேயே உள்ளே சந்நிதி காலியாக இருந்தது. குருக்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்தே தரிசனம் பண்ணுங்கோ" என்று படிக்கு அருகிலேயே இடம் காட்டினார். காசு கொடுத்து உட்காரச் சொன்ன அதே இடம். பெருமானே கூப்பிட்டு உட்கார வைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓதுவார் ஐயா தொடங்கினார். 'கூற்றாயினவாறு விலக்ககலீர்'. கொல்லிப் பண். வார்டு வாசலில் அம்மா குரலில் எத்தனையோ முறை கேட்ட வரி, இங்கே வேறாக ஒலித்தது. சேக்கிழார் அந்தச் சூலையைச் சொல்லும்போது வடவனலும் கொடுவிடமும் வச்சிரமும் ஒன்றுகூடிக் குடலைக் குடைந்தது போல என்பார். கடலுக்குள் எரியும் தீ அது, தண்ணீராலும் அணையாதது. அப்பர், அப்போது மருள்நீக்கியார், சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு எத்தனையோ படித்தவர். படிப்பு ஒன்றும் அந்தத் தீயை அணைக்கவில்லை. இரவோடு இரவாக அக்காவின் காலடியில் வந்து விழுந்தார். 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட' என்ற வரி வந்தபோது அப்பா தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். 'ஆற்றேன் அடியேன்' என்றதும் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. கோயிலுக்கு வந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே போய் உட்காருகிற மனிதர் அவர். பாட்டு வாயில் வரும் என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

தீபாராதனை. பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கத் திருமேனி. கற்பூர ஒளி ஒரு பட்டையில் ஏறி அடுத்ததில் இறங்கி, மறுபடி ஏறி... எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அப்பாதான் திரும்பி ஓதுவாரிடம், "ஐயா, மாசில் வீணையும் பாடுவீங்களா?" என்று கேட்டார். வேண்டுதலில் அது இல்லை. அவராகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு இந்த நினைப்புதான். முதல் பதிகம் வலியில் பிறந்தது. தாங்க முடியவில்லை, விலக்கு என்று கேட்கிறது. இரண்டாவது, 'மாசில் வீணையும்', பல்லவ மன்னன் ஆணையால் அப்பர் ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைபட்டிருந்தபோது பாடியது. காளவாயில் சுண்ணாம்புக்கல் நீறாக 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கல்லே நீறாகும் இடம் அது. அங்கே இருந்துகொண்டு என்னைக் காப்பாற்று என்று அந்தப் பதிகத்தில் ஒரு வார்த்தை இல்லை. வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை, இதெல்லாம் என் அப்பனின் திருவடி நிழல் என்கிறார். அதே பதிகத்தின் கடைசிப் பாட்டில் 'விறகில் தீயினன்' என்று நெருப்புக்குள்ளேயும் அவனையே காட்டுகிறார். சூலையில் துடித்த அதே உடம்புதான் நீற்றறையிலும் இருந்தது. உள்ளே எரிந்ததை அவன் அணைத்துவிட்ட பிறகு வெளியே எரிந்தது அவரை என்ன செய்யும்? சம்பந்தர் மதுரையில் சமணரோடு வாதத்தில் தீயில் இட்ட திருநள்ளாற்றுப் பதிக ஏடு பச்சையாகவே இருந்ததும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் எல்லாம் இன்னும் முதல் பதிகத்திலேயே நிற்கிறவர்கள். அப்பா இரண்டாவதைக் கேட்டுவிட்டார்.

அம்மன் சந்நிதி, திலகவதியார் சந்நிதி, அப்பர் சந்நிதி எல்லாம் பார்த்தோம். திலகவதியார் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். தம்பிக்காகவே உயிரை வைத்திருந்த தாய் அவர். என்ன பேசிக்கொண்டார்களோ, நான் கேட்கவில்லை. அப்பர் கையால் உழவாரப் பணி செய்த ஊர் என்று காலால் மிதிக்கவும் அஞ்சி, சித்தவட மடத்திலேயே தங்கிவிட்டாராம் சுந்தரர். அந்த மண்ணில் எங்களை நடக்கவிட்டதற்கே எத்தனை ஜென்மம் நன்றி சொல்ல!

அடுத்து திருப்பாதிரிப்புலியூர் போக வேண்டும் என்று அப்பா திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டார். கல்லைக் கட்டிக் கடலில் விட்ட அப்பரைக் கரையேற்றிய ஊராயிற்றே. 'ஈன்றாளுமாய்' பாட வேண்டுமாம், இந்த முறை அவரே பாடுவாராம், புத்தகத்தை இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதிகைப் பெருமானே, திரிபுரசுந்தரித் தாயே, அவர் குரலை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். உங்களுக்குக் கோடானுகோடி நமஸ்காரம்.