எஸ்டபிள்யூஆர் 1.3, பதில் மட்டும் இல்லை: வீட்டுக்கு ஆண்டெனா தேர்ந்தெடுத்த நாலு மாதம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வந்தது, ரிக் எனும் ரேடியோப் பெட்டி வாங்கினேன், மேசை போட்டேன். இதற்கெல்லாம் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆண்டெனாவுக்கு மட்டும் நாலு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் வீணாய்ப் போனதுதான். போன வாரம் ஒருவழியாக முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்காவது உதவட்டும்.

முதல் அடி அனுமதியில் விழுந்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. விண்ணப்பத்தில் "ரேடியோ டவர் அமைக்க அனுமதி வேண்டி" என்று தலைப்புப் போட்டேன். அந்த ஒரு வார்த்தை ஐந்து வாரத்தைத் தின்றது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் தலைப்பைப் படித்ததுமே தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"செல்போன் டவர் வேண்டாம்னு போன வருஷம்தான் கூட்டத்துல முடிவு பண்ணோம் தம்பி. நீங்க வந்து மறுபடி டவர்ங்கறீங்களே."

"இது அந்த டவர் இல்லைங்க சார், ஒரு கழியும் கம்பியும்தான்" என்றேன். எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதிக்கொண்டு போன அன்று ஆபீஸ் பூட்டியிருந்தது. மூன்றாம் முறை போனால், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டார். அது வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் போகும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுபோங்கள். லைசென்ஸ் நகல், உரிமையாளர் கடிதம், கழியின் உயரமும் எடையும் குறித்த ஒரு பக்கப் படம், சுவரில் துளை போட மாட்டேன் என்று ஒரு வரி. கதிர்வீச்சு பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். உங்கள் பவருக்கு ஆண்டெனாவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கையும் போட்டு இணைத்துவிடுங்கள். மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதைப் படத்தில் காட்டுங்கள். கழி அடியோடு சாய்ந்தாலும், கம்பி அறுந்து வீசினாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. இது சங்கத்துக்காக அல்ல, உங்கள் உயிருக்காக. இந்த ஒன்றில் மட்டும் சமரசமே வேண்டாம்.

கடைசியில் "மாடி மூலையில் ஒரே ஒரு கழி" என்று அனுமதி வந்தது. அந்த "ஒரே ஒரு கழி"தான் என்னைத் தவறான கடைக்கு அனுப்பியது.

கடைக்காரர் 7 மீட்டர் ஃபைபர் கழியை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு கம்பி, அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லா பேண்டும் (அலை நீளத்தை வைத்துப் பெயரிட்ட அலைவரிசைகள்) வேலை செய்யும், அடியில் பரப்பி விடும் ரேடியல் கம்பிகள் தேவையே இல்லை என்றார். பெட்டிக்குள் ஆண்டெனாவின் ஓமைக் கேபிளுக்கு ஏற்ப ஒன்பதில் ஒன்றாகக் குறைக்கும் 9:1 டிரான்ஸ்பார்மர் இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எண்தான் எஸ்டபிள்யூஆர், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 40 மீட்டரில் அது 1.3. 20 மீட்டரில் 1.6. எங்கே திருப்பினாலும் 2-ஐத் தாண்டவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பிறகு சிக்யூ, அதாவது யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு, அழைத்தேன். ஒரு வாரம் அழைத்தேன். 100 வாட் போகிறது, மீட்டர் அழகாக நிற்கிறது, பதில் இல்லை. எனக்கு நன்றாகக் கேட்கும் நிலையங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாலும் அவர்கள் வேறு ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனார்கள். இதற்கிடையில் மைக்கின் உலோக வளையம் உதட்டில் பட்டால் சுருக்கென்று குத்தியது. பேசத் தொடங்கினால் கம்ப்யூட்டர் மவுஸ் உறைந்துவிடும். இது ஏதோ தனிக் கோளாறு என்று நினைத்து இரண்டு யூஎஸ்பி கேபிள் மாற்றினேன். அதுவும் தண்டம்.

முப்பது வருடமாக ஹாமாக இருக்கிற அண்ணன் ஒருவரிடம் போனில் புலம்பினேன். "கேபிள் ஆண்டெனாவில் சேருகிற இடத்தில் ஒரு சோக் போட்டுப் பார், அப்புறம் எஸ்டபிள்யூஆர் சொல்லு" என்றார். கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பதுதான் சோக். 31 ரக ஃபெரைட் வளையம், 2.4 அங்குலம். அதில் ஆர்ஜி-58 கேபிளைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குக் கீழே மாட்டினேன். 1.3 காட்டிய இடத்தில் இப்போது 5-க்கு மேல் காட்டியது. நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பதறிப்போய்ச் சொன்னேன். அவர் நிதானமாக விளக்கினார்.

ரேடியல் இல்லாத ஆண்டெனாவுக்கு மறுபாதி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இதுவரை என் கேபிளின் வெளிப்பின்னல்தான் அந்த மறுபாதியாக இருந்திருக்கிறது. மாடியிலிருந்து ஜன்னல் வழியாக மேசை வரை வந்த கேபிள் முழுக்க ஆண்டெனாவாக இருந்ததால்தான் மைக் குத்தியது, மவுஸ் உறைந்தது. சோக் அந்தப் பாதையை அடைத்ததும் உண்மை வெளியே வந்தது.

அவர் சொன்ன இன்னொரு கணக்கு என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. கால் அலை நீளச் செங்குத்து ஆண்டெனா, அடியில் நல்ல ரேடியல் தளம் இருந்தால் சுமார் 36 ஓம் காட்டும். 50 ஓம் கேபிளில் அது எஸ்டபிள்யூஆர் 1.4. அதே ஆண்டெனாவுக்கு ரேடியல்கள் போதாமல் நிலத்தில் 14 ஓம் இழப்பு சேர்ந்தால் மொத்தம் 50 ஓம், எஸ்டபிள்யூஆர் அச்சாக 1. மீட்டர் மேம்பட்டிருக்கிறது, பவரில் கால் பங்குக்கு மேல் மண்ணுக்குப் போய்விட்டது. ஆண்டெனாவே இல்லாமல், பவரை வெறும் சூடாக்கிவிடும் 50 ஓம் டம்மி லோடு மாட்டினாலும் 1 காட்டும் என்பது லைசென்ஸ் பரீட்சைக்கு நானே படித்ததுதான். மாடியில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

கேபிளும் இப்படித்தான் ஏமாற்றும். வழியில் 5 டெசிபெல் (பவரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு) விழுங்குகிற கேபிளாக இருந்தால், மேலே ஆண்டெனாவில் 3 இருப்பது கீழே மேசையில் 1.4 என்று தெரியும். 2 மீட்டர் பேண்டுக்கு நீளமான ஆர்ஜி-58 போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 25 மீட்டர் நீளம் போனால் 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கும் மேல் பவர் கேபிளிலேயே தீர்ந்துவிடும். ரிக்கில் இருக்கிற ஆட்டோ டியூனர் இதற்கு மருந்து இல்லை. அது ரிக்கைச் சமாதானப்படுத்தும், அவ்வளவுதான்.

எதை வைப்பது என்று அதன் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். மாடி 14 மீட்டருக்கு 9 மீட்டர். 40 மீட்டர் பேண்டுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பி, 20 மீட்டர் வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே இழுத்தாலும் பதினாறரை மீட்டர்தான். இடமில்லை என்று இதைத்தான் முதலிலேயே ஒதுக்கியிருந்தேன். காந்த வளைய ஆண்டெனா சின்ன இடத்தில் அடங்கும், ஆனால் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி டியூன் செய்ய வேண்டும், கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு மாடி இருக்கும்போது அது வேண்டாம் என்று தோன்றியது. 49:1 டிரான்ஸ்பார்மரோடு ஒரு முனையில் இணைக்கும் அரை அலைக் கம்பியையும் பார்த்தேன். அதற்கும் அதே 20 மீட்டர் நீளம், சோக் கவலையும் சேர்ந்து வரும்.

டைபோல் நேர்க்கோட்டில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு மீட்டர் மரக்கழியைக் கட்டினால் உச்சி 6 மீட்டர் கிடைக்கும். அங்கிருந்து எதிரெதிர் மூலைகளுக்கு வி எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இறக்கி, மிஞ்சுகிற ஒன்றரை மீட்டரைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். மின்னோட்டம் அதிகமாக ஓடுவது நடுப்பகுதியில். முனைகளை மடிப்பதால் இழப்பது சொற்பம். ஆனால் முனைகளில் வோல்டேஜ் அதிகம், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பொது மாடி என்றால் கட்டாயம். இதற்கு மாற்று அனுமதி ஒரே நாளில் கிடைத்தது, இந்த முறை "துணிக்கொடி அளவுக்கு ஒரு கம்பி" என்று எழுதியிருந்தேன்.

அளவு எடுப்பதில் ஒரு மாலை வீணானது. ஆண்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற சின்னக் கருவியைக் காலிப்ரேட் செய்யாமலே அளந்தேன், ஒத்திசைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் காட்டியது. திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் மூன்றையும் வைத்துக் காலிப்ரேட் செய்யாமல் ஒரு அங்குலம்கூட வெட்டாதீர்கள். மறுநாள் ஒழுங்காக அளந்தபோது, மொத்தம் 21 மீட்டர் கம்பி 6.72 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைந்தது. எனக்கு வேண்டியது 7.10. 21-ஐ 6.72-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 19.88 மீட்டர். அதாவது பக்கத்துக்கு 56 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டாமல் கம்பி மேலேயே மடித்துச் சுற்றிக் கட்டினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பிறகுதான் கத்தரியை எடுத்தேன். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் வரும் என்ற சூத்திரம் வெற்றுக் கம்பிக்குத் தோராயமாகப் பொருந்தும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்கு இன்னும் சில சதவீதம் குறையும்.

அதே இணைப்பில் 20 மீட்டர் பேண்டுக்கும் பக்கத்துக்கு ஐந்து மீட்டர் கம்பி சேர்த்தேன். நீளமானதை முதலில் சரிசெய்துவிட்டுச் சின்னதைத் தொடுங்கள், ஒன்று மற்றொன்றை இழுக்கும். 15 மீட்டர் பேண்டு இலவசமாகக் கிடைத்தது, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் 21 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் ஒத்திசையும்.

பழைய கழி மூலையிலேயே இருந்ததால், சோக்கைக் கழற்றிவிட்டு இரண்டையும் சுவிட்ச் வைத்து மாற்றி மாற்றி ஒப்பிட்டேன். குறைந்த பவரில் அனுப்பி, கேட்ட நிலையங்கள் பதிவு செய்யும் அளவைப் பார்க்கும் விஸ்பர் முறையில் 200 மில்லிவாட், இரண்டு நிமிடம் இதில், இரண்டு நிமிடம் அதில். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று ஒப்பிட்டால் அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் மாறிக் கணக்கைக் குழப்பிவிடும், அதனால்தான் இப்படி. மூன்று இரவுகள் பார்த்ததில், இரண்டையும் கேட்ட நிலையங்களில் டைபோல் பெரும்பாலும் 10 முதல் 12 டெசிபெல் மேலே இருந்தது. 12 டெசிபெல் என்றால் பதினாறு மடங்கு. நான் 100 வாட் அனுப்பியதாக நினைத்த ஒரு வாரமும் இந்த டைபோலில் 6 வாட் அனுப்பியதற்குச் சமம்.

அனுப்புவது சரியாயிற்று, கேட்பதில் சிக்கல் மிச்சம் இருந்தது. சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில், கழியில் எஸ்8 இருந்த இரைச்சல் டைபோலில் எஸ்6. அதற்குக் கீழே இறங்கவில்லை. ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். எஸ் மீட்டர் அசையவே இல்லை. என் வீட்டுப் பொருள் எதுவும் காரணமில்லை. கையடக்க சிற்றலை ரேடியோவை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். இரண்டாம் தளத்து எல்இடி விளக்குக்குக் கீழே வந்ததும் அது உறுமியது. ஒரு அடி தள்ளினால் குறைந்தது, கிட்டே கொண்டுபோனால் காது கிழிந்தது.

அதே செயலாளரிடம்தான் போக வேண்டும். இந்த முறை தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய் ரேடியோவைக் கையில் கொடுத்தேன். அவரே விளக்கை அணைத்தார், உறுமல் நின்றது. போட்டார், வந்தது. நாலைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தார்.

"இவ்வளவு சத்தமா தம்பி இதுக்குள்ள இருக்கு?" என்றவர், அந்த வாரமே படிக்கட்டில் இரண்டு விளக்குகளை மாற்றச் சொன்னார். இப்போது இரவில் எஸ்4.

இடையில் ஒரு மழை. பிஎல்-259 கனெக்டர் தண்ணீர் புகாதது என்று நம்பிச் சாதாரண டேப் மட்டும் சுற்றியிருந்தேன். மூன்று நாளில் எஸ்டபிள்யூஆர் தாறுமாறாகப் போயிற்று. கேபிளைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது பின்னல் செம்பு கறுத்து, விரலால் தேய்த்தால் ஈரப்பொடியாக வந்தது. ஒரு மீட்டர் வெட்டிப் போட்டுத்தான் மினுமினுப்பான செம்பைப் பார்த்தேன். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், ஜன்னலுக்குள் வரும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், நீர் அதிலிருந்து சொட்டிவிடும். இடி மழைக்கு முன் கேபிளைக் கழற்றி வெளியே விடுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை இரவு 20 மீட்டரில், கழி வைத்திருந்தபோது பல நாள் கூப்பிட்டும் பதில் தராத அதே நிலையம் சிக்யூ அழைத்தது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். என் கால்சைனை (நிலையத்தின் அடையாளப் பெயர்) ஒரு தடவைதான் சொன்னேன். என் பெயரையும் 57 (தெளிவு 5, வலிமை 7) என்ற ரிப்போர்ட்டையும் அவர் திருப்பிச் சொல்லும்போது பேனா எங்கே வைத்தேன் என்று தெரியாமல் கையிலேயே எழுதிக்கொண்டேன். லாக் புத்தகத்தில் ஏற்றியது மறுநாள் காலையில்தான்.