ரேட் எவ்வளவு, மைனஸ் எவ்வளவு

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மற்ற வீடுகளில் அதில் பால் கணக்கு எழுதுவார்கள், சிலிண்டர் வந்த தேதியைக் குறித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்குள்ளும் இரண்டு எண்கள் இருக்கும். மேலே நீல மையில் 485 என்று இருக்கும், கீழே சிவப்பு மையில் 40. அடுத்த நாள் 490, கீழே 35. மேலே இருப்பது அன்றைய நாமக்கல் முட்டை விலை, நூறு முட்டைக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. கீழே இருப்பது மைனஸ், அதாவது முட்டைக்கு இத்தனை காசு கழிவு. அப்பா இருபது வருடத்துக்கு மேலாக இப்படி எழுதி வருகிறார். பழைய காலண்டர்களையும் தூக்கிப் போடாமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தீவன அறைப் பரணில் அடுக்கி வைத்திருக்கிறார்.

டிவியில் தங்கம் விலைக்கு அடுத்து "நாமக்கல்லில் முட்டை விலை 5 காசு உயர்வு" என்று ஒரு வரி ஓடும். அந்த வரியில் வருவது நீல எண் மட்டும்தான். சிவப்பு எண்ணைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுச் சோறு அந்தச் சிவப்பு எண்ணில்தான் இருக்கிறது, அதனால் அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பண்ணை புதுச்சத்திரம் பக்கம். முட்டையிடுகிற கோழி 24,000, வளரும் கோழிகள் தனிக் கொட்டகையில். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியும், ஆனால் இந்த மாவட்டத்தில் நாங்கள் சின்னப் பண்ணைதான், லட்சக்கணக்கில் கோழி வைத்திருக்கிறவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே நாமக்கல் என்றால் லாரியும் முட்டையும் என்று ஆகிவிட்டது. வானம் பார்த்த பூமி, கிணற்றுத் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்து ஓய்ந்துபோனவர்கள்தான் ஒவ்வொருவராகக் கொட்டகை போட்டார்கள். என் தாத்தா 500 கோழியில் ஆரம்பித்தவர். இன்றைக்கு நாமக்கல் மண்டலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து கோடி முட்டைக்கு மேல் உற்பத்தி ஆகிறது.

காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குள் நடந்தால், கூண்டுக்கு முன்னால் சரிவாக வளைத்த கம்பியில் முட்டைகள் உருண்டு வந்து வரிசையாக நிற்கும். அப்போதுதான் இட்டதைக் கையில் எடுத்தால் இன்னும் சூடு இருக்கும், ஓட்டில் லேசான ஈரம் ஒரு நொடி மின்னிவிட்டுக் காய்ந்துவிடும். எங்களிடம் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பெண் ஒரு கைக்கு மூன்று முட்டையாக எடுத்து, கூர்ப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி அட்டையில் வைத்துக்கொண்டே போவார், வேகத்தைப் பார்த்தால் கண் சுற்றும். அட்டைக்கு 30. விரிசல் விட்டதைத் தட்டிப் பார்க்கவே வேண்டாம், இரண்டு முட்டை ஒன்றோடொன்று லேசாகப் படும் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் தனியாக வைத்துவிடுவார். அது எனக்கு இன்னும் வரவில்லை.

சரி, விலை யார் சொல்வது? தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாங்கள் சொல்வது என்இசிசி. 1982-ல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் வியாபாரி வைத்ததுதான் விலை, பண்ணைக்காரர் வாய் திறக்க முடியாது. தீவனச் செலவுக்குக்கூடக் கட்டாத நிலைமை வந்தபோது, வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனர் பி.வி.ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசினார், நம் பொருளுக்கு நாமே விலை சொல்வோம் என்று. "என் முட்டை, என் விலை, என் வாழ்வு" என்பதுதான் அவர்கள் வைத்த முழக்கம். இந்த மூன்று சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். முன்பெல்லாம் வாரத்தில் சில நாள்தான் விலை சொல்வார்கள், இப்போது தினமும். சென்னை, ஐதராபாத், விஜயவாடா, மைசூர், ஹோஸ்பேட், ஹரியானாவில் இருக்கிற பர்வாலா என்று ஒவ்வொரு ஊருக்கும் தனி விலை. அப்பா நாமக்கல் விலையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பர்வாலாவையும் ஹோஸ்பேட்டையும் பார்த்துவிடுவார். வடக்கே குளிர் பிடித்தால் பர்வாலா ஏறும், அந்த வேகம் கொஞ்ச நாளில் இங்கேயும் வரும். ஹோஸ்பேட்டில் நம்மைவிட ரொம்ப மலிவாக இருந்தால், நம்மிடம் வாங்குகிறவன் அங்கே வண்டியைத் திருப்பிவிடுவான்.

ஆனால் என்இசிசி சொல்வது பரிந்துரை விலைதான். இந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த இடைவெளிக்குள் நுழைந்ததுதான் மைனஸ். ரேட் 485 என்றால் வியாபாரி 40 மைனஸ் போட்டு 4 ரூபாய் 45 காசுக்கு எடுப்பார். வண்டி வாடகை, ஏற்றுகூலி, உடைசல், கடனுக்குக் கொடுத்த சரக்குப் பணம் திரும்பி வராத நஷ்டம் எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும் என்று அவர் சொல்வார், அதில் உண்மையும் இருக்கிறது. கேரளாவில் கடை கடையாகக் கடன் வைத்துவிட்டு அலைகிற வியாபாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் மைனஸ் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சரக்குக்கு அடிதடி இருக்கிற வாரத்தில் அது 20, 15 என்று சுருங்கும். சரக்கு தேங்கினால் 60 வரைக்கும் போகும். அன்றைக்கும் டிவியில் விலை "மாற்றம் இல்லை" என்றுதான் ஓடும்.

இதைக் காசில் யோசித்தால் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 20,000 முட்டை. மைனஸ் 40 என்றால் ஒரு நாளைக்கு 8,000 ரூபாய், மாதத்துக்கு 2,40,000. மைனஸ் 20 காசு கூடினால் அன்றைக்கே 4,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. செலவுப் பக்கம் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், 24,000 கோழிக்கு 2,640 கிலோ. கிலோ 28 ரூபாய் என்று வைத்தால் தீவனத்துக்கு மட்டும் 73,920 ரூபாய், அதை 20,000 முட்டையால் வகுத்தால் முட்டைக்கு 3 ரூபாய் 70 காசு வந்துவிடுகிறது. அப்புறம் குஞ்சு வாங்கி ஐந்து மாதம் சும்மா வைத்து வளர்த்த செலவு, கூலி, கரண்ட், தடுப்பூசி, பேங்க் வட்டி. எங்கள் நோட்டில் முட்டைக்கு நாலரை ரூபாய்க்குக் குறைந்து அடக்கம் நின்று ரொம்ப நாள் ஆகிறது. நீல எண் 485 என்று பார்த்துவிட்டு நல்ல விலை என்று நினைக்கிறவர்களுக்கு, கையில் வருவது 445 என்பது தெரியாது.

தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அப்புறம் சோயா புண்ணாக்கு, தவிடு, ஓட்டுக்குக் கிளிஞ்சல். முன்பெல்லாம் மழை தவறினால்தான் மக்காச்சோளம் விலை ஏறும். 2023 கடைசியில் கரும்புச் சாற்றிலிருந்து, பெட்ரோலில் கலக்கிற எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் மக்காச்சோளத்துப் பக்கம் திரும்பின, கோழித் தீவனத்துக்குப் போட்டியாகப் பெட்ரோல் டாங்க் வந்து நின்றது. விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை, எங்கள் சொந்தக்காரர்களே சோளம் போடுகிறவர்கள்தான். ஆனால் கிலோ தீவனத்துக்கு ஒரு ரூபாய் ஏறினால் எங்களுக்கு ஒரு நாளைக்கு 2,640 ரூபாய் கூடுதல் செலவு. அதை எந்த ரேட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

நெல்லை மூட்டையில் கட்டி வைத்து விலை வரும்வரை காத்திருக்கலாம். முட்டையை அப்படி வைக்க முடியாது. மூன்று நாள் சரக்கு அறையில் நின்றாலே இங்கே தூக்கம் போய்விடும், அதுவும் வெயில் காலத்தில். கோழிக்கு லீவும் கிடையாது, விலை இறங்கிவிட்டது என்று சொன்னால் அது இடுவதை நிறுத்தாது. வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், பள்ளிக்கூடம் லீவு, சத்துணவு முட்டை ஓட்டம் நின்ற நேரம். மூன்று நாள் சரக்கு, 2,000 அட்டை அடுக்கிக் கிடந்தது. வழக்கமாக எடுக்கும் வியாபாரி வந்தார், அறையைப் பார்த்தார், உட்காரக்கூட இல்லை.

"அறுபது மைனஸ்னா எடுத்துக்கறனுங்கண்ணா. கேரளாவுல சரக்கு ஓடமாட்டேங்குதுங்க."

"நேத்து நாப்பதுன்னுதானுங்க தம்பி பேசுனோம். சரக்கப் பாருங்க, ஒண்ணுகூடப் பொடி முட்டை இல்லீங்க."

"அப்ப நாளைக்குப் பாத்துக்கலாமுங்களா?"

இந்த "நாளைக்கு" என்ற சொல்லுக்கு அப்பாவிடம் பதில் கிடையாது. நாளைக்கு என்றால் இன்னும் 20,000 முட்டை. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். நான் அட்டை எண்ணினேன். அன்றைக்குக் காலண்டரில் 60 என்று சிவப்பில் எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். இருபது வருடக் காலண்டரில் அப்படி வட்டம் போட்ட தேதிகள் குறைவு.

இன்னொரு வட்டம் 2020 மார்ச்சில் இருக்கிறது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று எவரோ கிளப்பிவிட, அதை வாட்ஸ்அப்பில் ஊரே ஊருக்கு அனுப்பியது. அதே சமயம் கேரளாவில் பறவைக் காய்ச்சல், அப்புறம் ஊரடங்கு, லாரி நின்றது. விலை இரண்டு ரூபாய் அளவுக்கு இறங்கியது, அந்த விலைக்கும் எடுக்க ஆள் இல்லை. அம்மா தினமும் பத்துப் பதினைந்து அட்டையை வாசலில் வைத்து, போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிலர் வாங்கப் பயந்தார்கள், அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. 2006-ல் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோதும் இதே கதைதான், நோய் வந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், இங்கே வாங்குகிற கை சுருங்கியது. நன்றாக வேக வைத்த முட்டையால் அந்தக் காய்ச்சல் பரவாது என்று டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும் முதல் வாரம் யார் காதிலும் ஏறுவதில்லை.

மாதத்துக்கு மாதம் ஒரு குணம் இருக்கிறது இந்தத் தொழிலுக்கு. புரட்டாசி வந்தால் பாதி வீட்டில் கவுச்சி இல்லை, விலை படுக்கும். உலக முட்டை தினம் என்று அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை கொண்டாடுகிறார்கள், அது ஒவ்வொரு வருடமும் புரட்டாசிக்குள்தான் வரும், நம் ஊர்க்காரர்களுக்கு முட்டையே கண்ணில் படாத நாளில். ஐயப்பன் மாலை போடும் கார்த்திகையில் இங்கே கொஞ்சம் மந்தம், ஆனால் வடக்கே குளிரும் கிறிஸ்துமஸ் கேக்கும் சேர்ந்து தூக்கிவிடும். ஜூன் ஜூலையில் கேரளாவில் டிராலிங் தடை, மீன் குறைவதால் முட்டை ஓடும். ஏப்ரல், மே மாதங்கள்தான் கொடுமை. வெயிலில் கோழி தீவனம் எடுக்காது, முட்டை சிறுக்கும், ஓடு மெலியும், மூச்சு வாங்கி வாயைத் திறந்துகொண்டே நிற்கும். அந்த மாதங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலை அறிக்கையை அப்பா இரண்டு முறை படிப்பார். கூரை மேல் தண்ணீர் தெளிப்பான் மதியம் முழுக்க ஓடும்.

சத்துணவு முட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2010-லிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாரம் ஐந்து நாள் முட்டை. நாமக்கல் பண்ணைகளுக்கு அது பெரிய தூண், அதைவிட ஒரு பிள்ளை தட்டில் தினமும் ஒரு முழு முட்டை விழுகிறது என்பது எனக்குச் சந்தோஷம். நாங்கள் நேராக டெண்டருக்குக் கொடுப்பதில்லை, அந்த அளவு எங்களிடம் கிடையாது. ஆனால் அந்த முட்டை போகிறதால்தான் மீதிச் சரக்குக்கு ஒரு விலை நிற்கிறது, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மைனஸ் இறங்குவதைக் காலண்டரிலேயே பார்க்கலாம்.

2025 நவம்பரில் விலை ஆறு ரூபாயைத் தாண்டியது. நாமக்கல்லில் அதுவரை பார்க்காத விலை. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "உங்களுக்கென்னம்மா, காட்டுல மழை" என்றார்கள். உண்மையில் அப்போது எங்கள் ஒரு கொட்டகை காலி. 80 வாரம் முடித்த கோழிகளை அதற்குச் சில வாரம் முன்னால்தான் கிலோ கணக்கில் எடை போட்டு ஏற்றிவிட்டோம், புதுக் கோழி இடுவதற்கு இன்னும் நாள் இருந்தது. விலை ஏறும் என்று தெரிந்திருந்தால் ஐந்து வாரம் வைத்திருக்கலாம், ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் பட்ட அடியில் தீவனக் கடைப் பாக்கி அப்படி இருந்தது. கோழியை விற்ற பணம் நேராக அங்கேதான் போனது. பக்கத்தில் இரண்டு சின்னப் பண்ணை இந்த நாலைந்து வருடத்தில் மூடிவிட்டார்கள், ஒருவர் கொட்டகையைப் பெரிய பண்ணைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அதே பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறார். அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

எனக்கு ஆசை ஒன்றுதான். தினமும் விலை சொல்கிறவர்கள் நிஜமாகக் கை மாறுகிற விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீல எண் 485 இல்லை, 450 என்று சொன்னாலும் சரி, அதுதான் பண்ணைக்காரர் கையில் வருகிறது என்றால் அதையே சொல்லட்டும். பேங்க் மேனேஜரிடம் கடன் கேட்கப் போனால் அவர் பேப்பர் விலையை வைத்து எங்களுக்கு லாபம் போடுகிறார், கடையில் ஆறரை ரூபாய்க்கு வாங்குகிற அக்கா மீதி எங்களிடம் வருவதாக நினைக்கிறார். சிவப்பு எண்ணைக் காட்டினால்தான் யாருக்கும் புரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்றைய விலை வந்துவிட்டது. உள்ளே இருந்து அப்பா கேட்டார், "ரேட் வந்துருச்சா கண்ணு?" அஞ்சு காசு ஏறியிருக்குதுப்பா என்றேன். நீலப் பேனாவை எடுத்து எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பிவிட்டார். வண்டி பத்து மணிக்கு வரும்.