தங்கை மகளை என் வரிக் கணக்கில் சேர்த்த கதை

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கையின் கணவருக்கு, 2023 கோடையில் வேலை போனது. வேலையிழப்புப் பணம் டிசம்பரோடு நின்றது, கையிருப்பும் கரைந்தது, 2024 மார்ச்சில் தங்கை, மாப்பிள்ளை, ஒன்பது வயது மகள் மூவரும் டெக்ஸாஸ் இர்விங்கில் இருக்கிற எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க அவர்களுக்குச் சம்பளம் என்று ஒரு டாலர் வரவில்லை.

2025 பிப்ரவரியில் 2024க்கான வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோதுதான், குழந்தையைத் தன்னை நம்பியிருப்பவளாக யார் காட்டி வரிச் சலுகை வாங்குவது என்ற கேள்வி வந்தது. வழக்கமாக எனக்குக் கணக்கு போடுகிறவர், "அப்பா அம்மா உயிரோட, அதே வீட்ல இருக்காங்க, நீங்க கார்டியனும் இல்ல, முடியாது சார்" என்று முடித்துவிட்டார். தப்பு. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இதற்கென்றே பப்ளிகேஷன் 501 என்று ஒரு விளக்கப் புத்தகம் வைத்திருக்கிறது, ஓசியில் படிக்கலாம். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல் உங்களோடு இருந்திருக்க வேண்டும், 19 வயதுக்குள் இருக்க வேண்டும், தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் பார்த்துக்கொள்கிறவளாக இருக்கக் கூடாது (இவள் உண்டியலில் 38 டாலர் இருந்தது). கோர்ட் காகிதமெல்லாம் கேட்கவே இல்லை.

பெற்றோரும் கூடவே இருக்கிறார்களே என்றால், அதற்கும் ஒரு விதி இருக்கிறது. அவர்கள் காட்டாமல் விட்டுக்கொடுத்து, என் ஏஜிஐ (வரிக் கணக்குக்காகச் சில கழிவுகள் போன வருமானம்) அவர்கள் இருவரில் யாருடைய ஏஜிஐயைவிடவும் அதிகமாக இருந்தால் நான் காட்டலாம். அவர்களுடையது பூஜ்யம், இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?

ஆனால் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை, அதாவது எங்களுக்குத் தெரியாமலே ஜனவரிக் கடைசியில் ஓசி சாஃப்ட்வேரில் தங்கையோடு சேர்த்து ஜாயிண்டாக ரிட்டர்ன் போட்டு, குழந்தையையும் அதில் சேர்த்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2021க்கு மட்டும் கொரோனா சட்டத்தால் வருமானமே இல்லாதவர்களுக்கும் குழந்தைக்கான வரிச் சலுகையை முழுசாகப் பணமாகவே கொடுத்தார்கள், அதை வாங்கிய யாரோ "ஜீரோ போட்டாலும் காசு வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். 2022இலேயே அது பழையபடி ஆகிவிட்டது. உழைத்து வந்த வருமானம் 2,500 டாலரைத் தாண்டினால்தான் அந்தச் சலுகையில் பணமாகத் திரும்பி வரும் பகுதியே கணக்கில் ஏறும். அவருக்கு வந்தது பூஜ்யம். எனக்கோ அதே குழந்தையால் 2024 வரியில் 2,000 டாலர் குறையும்.

அவர் போட்டது தெரியாமல் நான் ஈ-ஃபைல் செய்தேன், அதாவது ஆன்லைனில் ரிட்டர்ன் அனுப்பினேன். அரை மணியில் ரிஜெக்ட். ஆர்0000-507-01 என்று ஒரு கோடு, அந்தக் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் இருக்கிறது என்று அர்த்தம். யாரோ நம்பரைத் திருடிவிட்டார்கள் என்று நான் பதறிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மாடிப்படியில் நின்றபடி மெதுவாக, "மச்சான், அது நான்தான்" என்றார். பணத்தைவிட, தன் பெண்ணின் பெயர் இன்னொருத்தர் கணக்கில் ஏறுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அதை நான் முன்னாடியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

சரி, அப்புறம் என்ன செய்தோம் என்றால், அவர்கள் 1040-எக்ஸ் என்கிற திருத்த ரிட்டர்ன் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். அதை எடுத்தாலும் ஈ-ஃபைல் பூட்டு திறக்காது, முன்பெல்லாம் பேப்பரில்தான் அனுப்ப வேண்டும். அந்த 2025 சீசனிலிருந்து ஒரு வழி விட்டிருந்தார்கள்: ஐஆர்எஸ் நம் அடையாளத்தைச் சரிபார்த்துத் தரும் ஐபி பின் என்கிற ஆறு இலக்க எண்ணைப் போட்டால், குழந்தை வேறு ரிட்டர்னில் இருந்தாலும் ஈ-ஃபைலை ஏற்றுக்கொள்வார்கள். ஐஆர்எஸ் தளத்தில் லைசென்ஸைப் படம் எடுத்து, செல்ஃபி எடுத்து (மூன்றாவது தடவைதான் என் மூஞ்சியை ஒத்துக்கொண்டது) எண்ணை வாங்கிப் போட்டேன், மறுநாளே அக்செப்டட். தங்கையையும் மாப்பிள்ளையையும் சேர்த்தால் ஆளுக்கு 500 கிடைக்குமே என்று ஒரு சபலம் வந்தது. அவர்கள் ஜாயிண்டாக ரிட்டர்ன் போட்டிருந்ததால் அந்தச் சிக்கலில் இறங்கவில்லை.

ஐஆர்எஸ் கேட்டால் காட்ட, குழந்தை என்னோடு இருந்ததற்கான அத்தாட்சிகளை முன்கூட்டியே எடுத்து வைத்தேன். நான் நினைக்காத ஒன்றுதான் இதில் கைகொடுத்தது. மார்ச்சில் பள்ளியில் சேர்த்தபோது அவர்கள் பெயரில் கரண்ட் பில்லோ லீஸோ இல்லாததால், "இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்" என்று நான் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு அரை நாள் லீவ் போச்சே என்று திட்டிக்கொண்டு போட்ட கையெழுத்து, தேதியும் விலாசமும் அதில் பளிச்சென்று இருந்தது. கூடவே பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் டாக்டர் கிளினிக் ரெக்கார்டும்.

ஆகஸ்டில் தபால் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கவர், ஒன்று என் பெயருக்கு, ஒன்று மாப்பிள்ளை பெயருக்கு. சிபி87ஏ என்கிற ஐஆர்எஸ் நோட்டீஸ். ஒரே பிள்ளையை இரண்டு பேர் காட்டியிருக்கிறீர்கள், தப்பாகக் காட்டியவர் திருத்துங்கள், சரியாகக் காட்டியவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருந்தது. இருவரும் சமையலறையில் நின்று பிரித்துப் படித்தோம். அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஃபைலில் போட்டு வைத்தேன்.

அதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்து, மே மாதமே தனி வீடு பார்த்துப் போயிருந்தார்கள், கவர் வந்ததைக் கேட்டுத்தான் அன்றைக்கு அவர் வந்திருந்தார். ஐந்து மாதம் என்றால் பாதி வருஷம் ஆகவில்லை, அதனால் 2025க்குக் குழந்தை அவர் கணக்கில்தான். கிளம்பும்போது, "மச்சான், இந்தத் தடவை நீங்க போட்டுடாதீங்க" என்றார்.