ஒரு கிலோவுக்கு ஒரு நெல்மணி

எனக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றுப் பாசனத்தில் குறுவையும் தாளடியும் விளைகிற ஊரில், மூன்று வேளையும் அரிசியைத் தின்று வளர்ந்தவளுக்குக் கோதுமையால் வருகிற நோயா என்று என் மாமியார் கேட்டார். எட்டு ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தச்சோகை தீராததால், தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டு முதலில் இரத்தத்திலும் பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலும் சோதனை செய்தார். நாற்றுப்போல் நிமிர்ந்து நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள், அறுவடை முடிந்த வயலைப்போல் தட்டையாகக் கிடந்தன. மாமியாரின் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும் வடகிழக்கே 0.87 பேரிடமும் இருக்க, தெற்கே 0.10 பேரிடம்தான் இருப்பதாகச் சொல்கிறது. ஆயிரத்தில் ஒருத்தியாக இருப்பதற்கு நான் ஒன்றும் தவம் செய்யவில்லை.

சப்பாத்தி, ரவா உப்புமா, சேமியா பாயசம், திருவையாற்று அசோகா எல்லாவற்றையும் விட்ட பிறகும் வயிறு சரியாகவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் காரணம் அகப்பட்டது. அது எங்கள் அடுக்களையில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த பெருங்காய டப்பா. கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவையோ மைதாவையோ கலப்பது வழக்கம் என்பதும், அது டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, மாங்காய்த் தொக்கு என்று ஒரு நாள் தவறாமல் நான் கோதுமை தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, ம்யூனிக்கில் வேலை பார்க்கும் என் மகள் சென்ற ஆண்டு மே மாதம் எங்களை அழைத்தபோது, ரொட்டி தின்கிற தேசத்தில் இவள் எதைத் தின்பாள் என்று உறவினர்கள் பட்ட கவலையை நான் அவ்வளவாகப் படவில்லை. சோறு தின்கிற ஊரிலேயே கோதுமை ஒளிந்திருக்கும்போது, ரொட்டி தின்கிற ஊரில் அது வெளிப்படையாகவாவது இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். 24 நாட்களில் அந்த நினைப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது; தவறிய இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே உணவகத்தில் நமக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற ஒழுங்குமுறைப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்கள் உணவில் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய கடமை 2014 டிசம்பர் 13 முதல் உணவகங்களுக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் முதலாவதாக இருப்பது, என் குடலைக் கெடுக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், அதாவது கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ். ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதி விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இந்த அளவு எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆயிரம் மணியின் எடையை வைத்து நெல் ரகத்தைப் பேசுகிற என் கணவர்தான், 20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரு நெல்மணியின் எடை என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு கிலோவுக்கு ஒரு மணி. அதன் பிறகு ரொட்டித் துணுக்கு ஒட்டிய கத்தியையோ பொதுவான எண்ணெய்ச் சட்டியையோ அலட்சியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜெர்மனியில் என்னைத் தடுமாற வைத்தவை பெயர்கள். பக்வீட் என்று நாம் சொல்வதை அங்கே ‘புக்வைட்சன்’ என்கிறார்கள். ‘வைட்சன்’ என்றால் கோதுமை, ஆனால் புக்வைட்சன் கோதுமை இனமே அல்ல, நான் தாராளமாகத் தின்னலாம். மாறாக, ‘டிங்கல்’ என்று காதுக்கு இனிமையாக ஒலிக்கிற தானியம் கோதுமையின் பழைய இனம். ஒரு ரொட்டிக் கடையில் இருந்த பெண்மணி மிகுந்த அன்போடு, இது கோதுமை அல்ல, டிங்கல், உங்கள் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். மகள் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். குழம்பு வகைகளை வெண்ணெயில் வறுத்த மாவால் கெட்டிப்படுத்துவது அங்கே சாதாரணம் என்பதால், இறைச்சிக்கும் காளானுக்கும் மேலே ஊற்றப்படும் எதையும் கேட்காமல் தொடக் கூடாது என்றும் அவள் எச்சரித்திருந்தாள்.

சால்ஸ்பர்க் போன இரண்டு நாட்களும் இதற்கு மாறாக எளிதாக இருந்தன. ஆஸ்திரியாவில் ஒவ்வாமைப் பொருட்களுக்கு நாடு முழுவதும் ஒரே எழுத்து முறை வழங்குகிறது: ‘ஏ’ என்றால் குளூட்டன் உள்ள தானியம், ‘ஜி’ என்றால் பால், ‘சி’ என்றால் முட்டை. உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இந்த எழுத்துகள் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். தெளிவான சூப் என்று நம்பி நான் விரல் வைத்த பதார்த்தத்துக்குப் பக்கத்தில் ‘ஏ’ இருந்தது. உள்ளே மாவுத் தோசையைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் போட்டிருப்பார்களாம். ஜெர்மனியிலும் எழுத்துகளோ எண்களோ போடுகிறார்கள், ஆனால் அவை கடைக்குக் கடை வேறுபடும். அடிக்குறிப்பைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இத்தாலிதான் என்னை வியக்க வைத்தது. மாவிலேயே வாழ்கிற அந்த நாட்டில் இந்த நோயைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதாக இல்லை. 2005-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் சீலியாக்கைச் சமூக நோயாக அங்கீகரித்திருக்கிறது. நோயாளிகளுக்குக் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. மருந்துக் கடையில் மாத்திரைக்குப் பக்கத்து அலமாரியில் பாஸ்தா அடுக்கியிருக்கிறது. 1979-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள சீலியாக் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி தந்து, அப்படிப் பயின்றவற்றின் பட்டியலையும் வைத்திருக்கிறது. ‘ஸோனோ சேலீயக்கா’, நான் சீலியாக் நோயாளி, என்ற வாக்கியத்தை மகள் சொல்லிக்கொடுத்தாள். என் கணவர் அதைச் ‘சேலையக்கா’ என்று மனப்பாடம் செய்துகொண்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே புடவையில் நிற்கும் என்னைக் காட்டிச் சொல்லிவிடுவார். மிலானில் அதைக் கேட்ட பரிசாரகர் உடனே மேசையிலிருந்த ரொட்டிக் கூடையை அப்புறப்படுத்திவிட்டு, என் பாஸ்தா தனிப் பாத்திரத்தில், தனித் தண்ணீரில் வேகும் என்று தாமாகவே சொன்னார்.

மிலானிலிருந்து டுரின் போகும் ரயிலில் நோவாரா தாண்டியதும் என் கணவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். இரு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள், வரப்புகள், கொக்குகள், தொலைவில் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை. மலையை மறைத்துவிட்டால் அது நம் ஆடுதுறைதான். போ ஆற்றுத் தண்ணீரை இந்த வயல்களுக்குக் கொண்டுவர 1866-இல் வெட்டி முடித்த, 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் காவூர் கால்வாய் இங்கேதான் ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி என்பதையும், ரிசோட்டோ செய்யும் ஆர்போரியோ அரிசிக்கு இந்த வெர்செல்லிப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயரே வாய்த்திருக்கிறது என்பதையும் அவர் வழியெல்லாம் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மேட்டூர் திறப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நம் ஊர் அப்போது காய்ந்து கிடந்திருக்கும்.

வெர்செல்லியில் ரிசோட்டோ வந்தபோது, அரிசிதானே என்று கரண்டியை எடுத்துவிட்டேன். பெருங்காய டப்பா நினைவுக்கு வந்து கையை நிறுத்தியது. ரிசோட்டோ வேகும் சாறு காய்கறியை வேகவைத்து எடுத்ததா, கடையில் வாங்கிய கட்டியைக் கரைத்ததா என்று கேட்டேன். அந்தக் கட்டிகள் சிலவற்றில் கோதுமை உண்டு. பரிசாரகர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய்ச் சமையற்காரரையே அழைத்து வந்தார், அவர் காரட்டும் செலரியும் மிதந்த பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். குழைய வடித்த பழைய அரிசிச் சோற்றில் வெண்ணெய் போட்டுப் பிசைந்ததுபோல் இருந்தது. இதை இத்தாலியர்கள் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அதே பயணத்தில் ஒரு சிற்றூரில் பீட்சா கடைக்காரர் எங்களை உட்காரவே விடவில்லை. எங்கள் சமையலறை முழுவதும் மாவு பறக்கிறது, உங்களுக்கு எதுவும் தர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் வேறொரு கடைக்கு வழி சொன்னார். பயணம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு நகரத்தில், ஒரு பிரச்சினையும் இல்லை என்று சிரித்த முகத்தோடு தலையாட்டிய உணவகத்தில்தான் நான் நோய்ப்பட்டேன். சாலட்டின் மேல் தூவியிருந்த வறுத்த ரொட்டித் துண்டுகளை எனக்காகப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அடியில் தூள் கிடந்ததைப் பாதி தின்ற பிறகே பார்த்தேன். இரண்டு நாள் விடுதி அறையில் முடங்கினேன். பொறுக்கிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் நம் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கும் உண்டு என்பதால், அவர்கள்மீது பெரிதாகக் கோபப்படவும் முடியவில்லை.

பாரிஸில் அரிசி மாவில் ரொட்டி சுடும் ஷாம்பெல்லான் என்ற கடையில், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மேலோடு மொறுமொறுவென்று உடைகிற ரொட்டி ஒன்றைத் தின்றேன். பக்வீட் மாவில் வார்க்கும் ‘கலெத்’ என்ற அடை போன்ற பண்டத்தைப் பல கடைகளில் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன். மாவு சுத்தமாகவே இருந்தாலும், கோதுமை மாவில் ஊற்றும் இனிப்பு வகையையும் அதே கல்லில்தான் வார்க்கிறார்கள். ரவா தோசை வார்த்த கல்லில் எனக்குத் தோசை வேண்டாம் என்று கும்பகோணத்தில் சொல்லிச் சொல்லிப் பழகியவளுக்கு அதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடைசி நாள் இரவு, வீட்டுச் சாப்பாட்டின் ஏக்கத்தோடு, ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல் பகுதிக்குப் போனோம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்ததும் என் எச்சரிக்கையெல்லாம் கழன்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இடியப்பமும் புட்டும் தோசையும் இருந்தன. இடியப்பத்தில் என்ன கேட்பது? நம் ஊரில் அது அரிசி மாவு, வேறு பேச்சே இல்லை. பழக்க தோஷத்தால்தான், எனக்குக் கோதுமை ஆகாது என்று வாய் சொல்லிவைத்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினார். “அம்மா, இடியப்பம், புட்டு எல்லாத்துக்குள்ளயும் கோதுமை மாவும் கிடக்கு. தோசைக்கும் கொஞ்சம் போடுறனாங்கள். உங்களுக்கு ஏலாதெண்டால் சோறு போடட்டே?” என்றார். யாழ்ப்பாணத்துச் சமையலில் அவித்த கோதுமை மாவுக்கு இப்படி ஓர் இடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் மொழியே என்னை ஏமாற்றப் பார்த்தது, அந்த மொழியிலேயே ஒருவர் தடுத்தார். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் மீன் குழம்பும் போட்டார், குழம்பில் பெருங்காயம் இல்லை என்று சமையலறையில் கேட்டும் வந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் வீட்டில் சமையல் இல்லை. கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஓட்டலில் உட்கார்ந்து, சாம்பாரில் எந்தப் பெருங்காயம் போடுகிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். முன்பெல்லாம் கேட்கக் கூச்சப்பட்டு, சாம்பார் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் சாதம் தின்று வருவேன். அவர் கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தார். எழுத்து தெரியவில்லை என்று இருவரும் வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தோம். கோதுமை மாவு என்றுதான் இருந்தது. அப்படியானால் எனக்குத் தயிர்சாதம் போதும் என்றேன்.

“அதிலயும் இதைத்தாம்மா தாளிச்சிருக்கு” என்றார் அவர், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. பிறகு வெறும் சோறும், பானையிலிருந்து தனியாக மொண்ட தயிரும், ஒரு பூவன் பழமும் இலையில் வந்தன.