இரங்கல் பதிவின் கீழே

செய்தி நிறுவனம் ஒன்றின் சமூக ஊடகப் பிரிவில் கமெண்டுகளைக் கவனிப்பது என் வேலை. பிரபலங்கள் இறக்கும் நாட்களில் அது மிகவும் கனமாகிவிடும். 2023 டிசம்பர் 28 அப்படி ஒரு நாள். காலையிலேயே விஜயகாந்த் இறந்த செய்தி வந்துவிட்டது.

மேடையில் அவருக்கு வார்த்தை குழறியதை வெட்டி ஒட்டி மீம் போட்டு எத்தனை வருடம் சிரித்தார்கள்! குடி என்றார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்த பிறகும் விடவில்லை. அன்றைக்கோ, "நானும் மீம் போட்டிருக்கேன், மன்னிச்சிடுங்க கேப்டன்" என்று வரிசையாக எழுதினார்கள். அதை நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டவர், கடனில் கிடந்த நடிகர் சங்கத்தை மீட்டவர் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். ஆனால் இதெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோதும் ஊருக்குத் தெரிந்ததுதானே? எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் கூட்டம் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தது. வடிவேலு ஏன் வரவில்லை, யார் அழுதது நிஜம் என்று மொய் நோட்டைப் புரட்டுவதுபோலக் கணக்குப் பார்த்தார்கள். அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பிய விஜய்மீது யாரோ செருப்பு வீசினார்கள். அந்த வீடியோவின் கீழே நடந்த சண்டையில் இறந்தவர் பெயரையே காணோம். நேற்றுவரை அவரைக் கேலி செய்த கை, இப்போது அவர் பெயரைச் சொல்லி இன்னொருவரை அடித்தது. துக்கம் அதற்கு ஒரு அனுமதிச் சீட்டாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

கெட்ட வார்த்தைகளை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்தால் ஃபேஸ்புக் தானாகவே மறைத்துவிடும். நடுவில் புள்ளி வைத்தோ, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தோ தப்பிப்பவர்களைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் நான் நீக்குவதில்லை, மறைப்பேன். எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் கமெண்ட் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால், கோபத்தோடு திரும்பி வரமாட்டார். இறந்தவரின் மனைவி, பிள்ளைகளைப் பற்றி எழுதினால் மட்டும் உடனே நீக்கி, ஆளையும் தடை செய்துவிடுவேன். அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. அவர்களும் ஃபோனில் அதைப் படிப்பார்கள்.

"அஞ்சலிக்கு யார் வரவில்லை" என்ற வீடியோ மட்டும் வேண்டாம் என்று அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுவருகிறேன். சில நேரம் சரி என்கிறார்கள். சில நேரம், மற்ற சேனல்கள் போட்டாயிற்று என்று நாங்களும் போடுகிறோம். அப்போது அந்தப் பதிவுக்குக் கமெண்டையாவது மூடச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.