விரல் நாடியிலிருந்து பிரஷர்: இதுவரை வந்த தூரம்

ஒளியால் நாடியைப் பார்க்கும் எம்ஏஎக்ஸ்30102 சென்சரை ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டில் இணைத்து விரலை வைத்தால் நாடி அலை திரையில் ஓடத் தொடங்கிவிடும். அது லேசான வேலை. எனக்கு வேண்டியது குருதி அமுக்கம். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. கையில் பட்டி கட்டிக் காற்றடித்துப் பார்த்தால் அந்த நேரத்து நிலை மட்டும்தான் தெரியும். நித்திரையில் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க ஆசை.

அமுக்கம் கூடும்போது நாடிக்குழாயின் சுவர் இழுபட்டு விறைக்கிறது, அலை வேகமாக ஓடுகிறது. இதயத்தின் மின் சைகைக்கும் விரலில் அலை வந்து சேர்வதற்கும் இடையிலான நேரம் குறைகிறது. மின் சைகையைப் பிடிக்க ஏடி8232 என்ற ஈசிஜி சிப் போட்டிருக்கிறேன். மின்வாய்கள் உடம்பில் ஒட்டியிருப்பதால் பாதுகாப்புக்காக எல்லாமே பற்றரியில்தான் ஓடுகிறது.

மாறுவது சில மில்லிசெக்கன்கள். செக்கனுக்கு 100 மாதிரிகள் (அளவீடுகள்) எடுத்தால் இடைவெளியே 10 மில்லிசெக்கன், தேடுகிற மாற்றம் அதற்குள் மறைந்துவிடும். இப்போது 400 மாதிரிகள், இடைவெளி 2.5 மில்லிசெக்கன். சென்சர் 32 மாதிரிகள் வரை தன்னுள் சேர்த்து வைக்கும், அதனால் நாம் வாசிக்கும் நேரம் வேறு, மாதிரி எடுத்த நேரம் வேறு. மாதிரிகள் தயார் என்று சென்சர் சைகை காட்டும் இன்ரறப்ட் முனை தாழும் கணத்தைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிறேன்.

விரலைக் கூட அழுத்தினால் நுண்குழாய்கள் நசுங்கி அலை தட்டையாகும். தளர்ந்தால் வெளி வெளிச்சம் புகும். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண ரியூப் லைட் செக்கனுக்கு 100 தரம் மினுங்குகிறது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். கறுப்பு, நன்றாக இழுபடும், இதைவிட நல்ல பட்டி எனக்குத் தெரியாது. கிணற்றில் குளித்துவிட்டு வந்தால் விரல் குளிர்ந்து அலை சிறுத்துவிடும், கை சூடேறிய பிறகே பதிகிறேன். கைக்கடிகாரங்களில் வரும் பச்சை ஒளியைத் தோலின் கருநிறமியான மெலனின் கூடுதலாக உறிஞ்சும். எங்கள் தோலுக்கு இந்தச் சென்சரிலுள்ள 880 நானோமீற்றர் இன்ஃப்ராரெட் பொருத்தம் என்பது என் எண்ணம்.

படி ஏறி இறங்கிவிட்டுப் பார்த்தால் நேரம் குறைகிறது, ஆறியதும் கூடுகிறது. சந்தோசம்தான். ஆனால் மின் சைகை கிளம்பி இதயம் குருதியைத் தள்ளும் வரையுள்ள தாமதமும் அதில் கலந்திருக்கிறது, அதுவும் களைப்போடு மாறும். காற்றடிக்கும் பட்டி மெஷினோடு ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் அமுக்க எண் எதுவும் வராது, மருந்தைக் கூட்டிக் குறைக்க இதை நம்பவும் கூடாது.

அடுத்து காதுச் சோணையில் ஒன்று, விரலில் ஒன்று என்று இரண்டு ஒளிச் சென்சர்கள் வைக்கப் போகிறேன். அப்போது அந்தத் தாமதம் இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். போர்டு சென்சரை அழைக்கும் முகவரி இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் ஈஎஸ்பி32இல் சென்சர்களோடு பேசும் ஐ2சி தடங்கள் இரண்டு இருப்பதால் சமாளிக்கலாம்.